ரோடு பைக் ஷிஃப்டரில் கிளிக் விழவில்லை: சரிசெய்வதா, மாற்றுவதா?

கேள்வி சுருக்கமாக இதுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரோடு பைக். கியர் பாகங்கள் ஷிமானோ 105 தொடர், 9 ஸ்பீடு, அதாவது பின்னால் 9 கியர். முன்பு வைத்திருந்தவர் வீட்டில் சில வருடம் ஓட்டாமலே கிடந்திருக்கிறது. இடது ஷிஃப்டர், அதாவது கியர் மாற்றும் லீவர், நன்றாக வேலை செய்கிறது. வலது ஷிஃப்டரின் பெரிய லீவரை உள்பக்கம் தள்ளினால் எதையும் பிடிக்காமல் வெறுமனே போய்த் திரும்புகிறது, கிளிக் சத்தமே இல்லை. கடையில் காட்டினால், "ஷிஃப்டர் போச்சு, 9 ஸ்பீடெல்லாம் இப்போ கிடைக்காது, 11 ஸ்பீடு செட்டா மாத்திடுங்க" என்கிறார்கள். சரிசெய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது. இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி பழைய ஷிமானோ ஷிஃப்டர்களில் மிகவும் சாதாரணம். பெரும்பாலும் உள்ளே எதுவும் உடைந்திருக்காது. தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி இறுகியிருக்கும், அவ்வளவுதான். ஒரு ஸ்பிரே டப்பாவும் ஒரு சாயங்காலமும் போதும். அதுவும் பலிக்கவில்லை என்றால்தான் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் முழு செட் தேவையில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இதை நம்புவது சுலபம். பிரேக்கையும் கியரையும் ஒரே லீவரில் சேர்த்த எஸ்.டி.ஐ. ஷிஃப்டரை ஷிமானோ 1990-ல் டியூரா ஏஸ் தொடரில் கொண்டுவந்தது. போட்டிக் கம்பெனிகளில் கேம்பனோலோவின் எர்கோபவர் 1992-ல் வந்தது, ஸ்ராமின் டபுள்டேப் 2006-ல். அதற்கெல்லாம் முன்பு, கியர் மாற்ற ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, ஃபிரேமின் சாய்வுக் குழாயில் இருக்கும் குட்டி லீவரைத் திருக வேண்டும். அந்த லீவரில் கெட்டுப்போக அதிகமாக ஒன்றும் கிடையாது. எஸ்.டி.ஐ.யில் அப்படியில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் இடத்தில் கேபிளைச் சுருட்டும் ஒரு சக்கரம், அதன் பற்கள், பற்களில் போய் விழும் சின்னச் சின்னக் கொக்கிகள், அந்தக் கொக்கிகளைத் தள்ளும் தலைமுடி கனத்து ஸ்பிரிங்குகள் எல்லாம் இருக்கின்றன. பெரிய லீவரை உள்ளே தள்ளும்போது ஒரு கொக்கி பல்லில் விழுந்து சக்கரத்தைச் சுற்றுகிறது; கேபிள் இழுபடுகிறது; செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறுகிறது. சின்ன லீவரைத் தட்டினால் இன்னொரு கொக்கி விலகி ஒரு பல் அளவுக்கு மட்டும் கேபிளை விடுகிறது.

கொக்கியைத் தள்ளும் அந்த ஸ்பிரிங்குக்கு வலு மிகக் குறைவு. சுற்றி இருக்கும் கிரீஸ் இறுகிவிட்டால் கொக்கி விலகின இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும், பல்லில் போய் விழாது. லீவர் போகும், வரும், எதையும் பிடிக்காது. உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். குளிர்நாடுகளில் பழைய பைக் வைத்திருப்பவர்கள் பலர், காலையில் பிடிக்காத ஷிஃப்டர் வெயில் ஏறினதும் பிடிக்கிறது என்று சொல்வதுண்டு. காரணம் இதே கிரீஸ்தான். நீங்களும் பைக்கை ஒரு மணி நேரம் நல்ல வெயிலில் நிறுத்திவிட்டு லீவரைத் தட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு கிளிக்காவது விழுந்தால் நோய் என்னவென்று உறுதியாகிவிட்டது.

சுத்தம் செய்யத் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை. கியர் சரியாக விழாத பைக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி ஷிஃப்டரே அல்ல. கேபிள், அதன் வெளியுறையான அவுட்டர், வளைந்துபோன ஹேங்கர் (ஆர்.டி.யை ஃபிரேமில் தாங்கும் உலோகத் துண்டு), அழுக்கேறிய ஆர்.டி. என்று வரிசையாக ஆட்கள் இருக்கிறார்கள். பின்சக்கரத்தில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் ரியர் டீரெயிலரை எல்லோரும் ஆர்.டி. என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.

ஆர்.டி.யில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி கேபிளை விடுவியுங்கள். ஃபிரேமில் வெளியே தெரியும் வயரை ஒரு துணியால் பிடித்து இழுத்துக்கொண்டே, மறு கையால் ஷிஃப்டரைத் தட்டுங்கள். இந்த இழுவிசை முக்கியம்: கேபிள் தளர்ந்து கிடந்தால் சின்ன லீவரைத் தட்டினாலும் சக்கரம் திரும்பி வராமல் போகலாம்; அதைப் பார்த்து நல்ல ஷிஃப்டரையே கெட்டது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. 9 ஸ்பீடு ஷிஃப்டரில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 8 கிளிக் வர வேண்டும். கியர் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் கிளிக் எண்ணிக்கை. போகும்போது 8, வரும்போது 8, ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தால் ஷிஃப்டர் நல்லது. பிரச்சினை அதற்குக் கீழே இருக்கிறது. அப்படியானால் கையால் ஆர்.டி.யை உள்ளே தள்ளிவிட்டுப் பாருங்கள், சட்டென்று திரும்பி வருகிறதா, சோம்பலாக வருகிறதா என்று. பின்னால் நின்று ஹேங்கரையும் பாருங்கள். பைக் வலது பக்கமாக ஒரு தடவை விழுந்திருந்தாலே ஹேங்கர் லேசாக உள்பக்கம் வளைந்திருக்கும். அதை நிமிர்த்தாமல் எத்தனை ஷிஃப்டர் மாற்றினாலும் கியர் ஒழுங்காக விழாது.

இடது ஷிஃப்டர் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் இதில் பயந்துபோகிறார்கள். நிறைய மாடல்களில் இடது பக்கம் அரைக் கிளிக் ஒன்று இருக்கும். முன் டீரெயிலர் கூண்டில் செயின் உரசாமல் இருக்க அதைக் கொஞ்சம் நகர்த்துவதற்காக வைத்தது. தட்டினோம், செயின் இறங்கவில்லை என்றால் அது பழுதல்ல. இன்னும் ஆழமாகத் தட்ட வேண்டும், அவ்வளவே.

சரி, உங்கள் வலது ஷிஃப்டர் இந்தச் சோதனையிலும் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இனி கழுவல்.

ஷிஃப்டரின் மேல் கை வைக்கும் ரப்பர் உறையான ஹூட்டைப் பின்விளிம்பிலிருந்து முன்னோக்கி மெதுவாகச் சுருட்டுங்கள். பழைய ரப்பர் கிழியும், அவசரம் வேண்டாம். பிரேக் லீவரை முழுவதும் அழுத்திப் பிடித்தால் ஷிஃப்டரின் உடம்புக்கும் லீவருக்கும் நடுவே இடைவெளி திறக்கும், உள்ளே பித்தளையும் இரும்புமாகப் பாகங்கள் தெரியும். முன்சக்கரத்தைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். பிரேக் கட்டையிலோ, ரிம்மிலோ, டிஸ்க்கிலோ ஒரு துளி எண்ணெய் பட்டாலும் பிரேக் பிடிக்காது. டிஸ்க் பிரேக் பைக் என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அதுவும் ஹைட்ராலிக் லீவராக இருந்தால் உள்ளே ஸ்பிரே அடிக்கும் வேலையே வேண்டாம், ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். உங்களுடையது கேபிள் பிரேக், அதனால் பயமில்லை.

டபிள்யூடி-40 மாதிரியான ஸ்பிரேயின் குழாய் முனையை அந்த இடைவெளிக்குள் விட்டுத் தாராளமாக அடியுங்கள். கீழே பழைய துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். அடித்ததும் இரண்டு லீவரையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து இருபது தடவை தட்டிவிட்டு நிறுத்தினால் பலன் இருக்காது; நூற்றுக்கணக்கில் தட்டுங்கள், பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாம். பழுப்பும் மஞ்சளுமாக ஒரு குழம்பு வழிய ஆரம்பிக்கும். அதுதான் இறுகின கிரீஸ். வழிவது தெளிவாகும் வரை அடிப்பதும் தட்டுவதுமாகத் தொடருங்கள். பிறகு இரவு முழுக்க ஊற விட்டு, காலையில் மறுபடி ஒரு சுற்று. முதல் நாள் ஒன்றும் பிடிக்காமல், இரண்டாம் நாள் திடீரென்று ஒரு கிளிக் விழுந்து, அதன்பின் எல்லாம் வரிசையாக விழுவதே வழக்கம். சில ஷிஃப்டர்களில் முன்னால் பெயர் பொறித்த சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்ற முடிந்தால் அந்த வழியாகவும் அடியுங்கள், மருந்து நேராக உள்ளே போகும்.

ஸ்பிரே இல்லையென்றால் பெயிண்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனை சிரிஞ்சில் எடுத்து விடலாம். மண்ணெண்ணெயும் வேலை செய்யும். தின்னர் மட்டும் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் பாகங்களையும் ஃபிரேம் பெயிண்டையும் தின்றுவிடும்.

கழுவியதோடு விட்டுவிட்டால் சில வாரத்தில் பழைய கதைதான். ஸ்பிரே ஆவியாகிவிடும், பாகங்கள் வறண்டு நிற்கும். நன்றாக வழிந்து காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய் சில துளிகள் விட வேண்டும். தையல் மிஷின் எண்ணெய் இதற்கு அருமையானது. எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் சொற்பம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் பலர் அதைத்தான் எடுக்கிறார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஊட்டிப் பக்கம் பைக்கைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாளாக நாளாகப் பிசினாகவும் மாறும். கெட்டியான கிரீஸும் வேண்டாம், கொக்கியை ஒட்டவைத்தது அதுதானே.

இவ்வளவு செய்தும் ஒரு கிளிக் கூட விழவில்லை, அல்லது சில இடத்தில் மட்டும் தாவுகிறது என்றால் கொக்கியோ பல்லோ தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

கிரீஸுக்கு அடுத்தபடியாக ஷிஃப்டரைக் கெடுப்பது கேபிள். இது உங்கள் 9 ஸ்பீடைவிட 11 ஸ்பீடு ஷிமானோக்களில் மோசம், அதாவது 5800, 6800, 9000 என்ற எண்கள் கொண்ட தொடர்களில். அவற்றில் கியர் கேபிள், ஹேண்டில்பாரில் சுற்றும் பார் டேப்புக்கு அடியில் போவதற்காக ஷிஃப்டருக்குள்ளேயே இறுக்கமாக வளைகிறது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் அதே இடம் மடங்கி நிமிர்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் கேபிளின் குண்டுத் தலைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு இழையாக அறுந்துபோகும். வெளியே எதுவும் தெரியாது. ஆனால் அறிகுறி உண்டு: நேற்று சரியாக விழுந்த கியர் இன்று விழாது, கேபிளை இறுக்கும் பேரல் அட்ஜஸ்டரைத் திருகிச் சரிசெய்தால் இரண்டு நாளில் மறுபடி விலகும், லீவர் கனக்கும். அறுந்த இழைகள் கேபிளை நீளச் செய்வதால் வரும் தொல்லை இது. திரும்பத் திரும்ப அட்ஜஸ்டரைத் திருகுகிறோம் என்று தோன்றினால் அன்றே கேபிளை உருவிப் பாருங்கள். முழுவதும் அறுந்துவிட்டால் தலை உள்ளே மாட்டிக்கொள்ளும், இழைத் துணுக்குகள் பற்களுக்குள் சிக்கும், அப்போதுதான் நல்ல ஷிஃப்டர் நிஜமாகவே பாழாகும்.

மாட்டிக்கொண்ட தலையை எடுக்கும் வழி: சின்ன லீவரைத் தட்டித் தட்டி ஷிஃப்டரைக் கடைசி இடத்துக்கு, அதாவது சின்னப் பல்சக்கரத்துக்குரிய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே நின்றால்தான் தலை உட்கார்ந்திருக்கும் குழி, வெளியே வரும் துவாரத்துக்கு நேராக வரும். ஒரு பழைய சைக்கிள் கம்பியை மறுபக்கத்திலிருந்து விட்டுத் தள்ளுங்கள், இல்லையென்றால் மெல்லிய முனை கொண்ட இடுக்கியால் இழை இழையாக உருவுங்கள். பொறுமை வேண்டிய வேலை. லீவரை பலமாக அழுத்தி விடுவிக்கப் பார்த்தால் இழைகள் இன்னும் ஆழமாகப் போய்ச் சிக்கும். புதுக் கேபிளைப் போடும்போதும் இதே இடத்தில்தான் ஷிஃப்டர் இருக்க வேண்டும்.

வழியில் கேபிள் அறுந்தால் செயின் கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்கு ஓடிப்போய் நின்றுவிடும். மேடு ஏற முடியாது. அப்போது ஆர்.டி.யில் எச் என்று எழுதியிருக்கும் திருகை உள்ளே திருகுங்கள், செயின் ஒன்றிரண்டு பல்சக்கரம் பெரிதாக ஏறி அங்கேயே நிற்கும். அந்த ஒரே கியரில் வீடு வந்து சேரலாம்.

கேபிள் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டே. ஒன்று, தலை. கேம்பனோலோவின் கியர் கேபிள் தலை ஷிமானோவுடையதைவிடச் சிறியது. ஷிமானோ கேபிளை அதில் திணித்தால் வெளியே எடுக்க முடியாமல் சிக்கும். இரண்டு, அவுட்டர். கியர் அவுட்டரில் இரும்பு இழைகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் அவுட்டரில் சுருளாக ஓடும். பிரேக் அவுட்டரைக் கியருக்குப் போட்டால் அது அமுங்கி நீண்டு கிளிக் கணக்கைக் குழப்பும். கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போடுவது அதைவிட ஆபத்து: பிரேக்கை அழுத்தும் விசையில் அது பிளந்துவிடும், அந்த நேரத்தில் உங்களுக்குப் பிரேக்கே இருக்காது. சில கடைகளில் இரண்டையும் ஒரே சுருளிலிருந்து வெட்டித் தருகிறார்கள். வெட்டின முனையைப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் பைக் வருடக்கணக்கில் நின்றிருப்பதால் ஷிஃப்டரைக் கழுவும் கையோடு கேபிளையும் அவுட்டரையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஆர்.டி.க்குப் போகும் கடைசி வளைவில்தான் தண்ணீரும் துருவும் சேரும். பெடல் அச்சுக்கு அடியில் கேபிளைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டையும் துடையுங்கள், அதில் மண்ணும் எண்ணெயும் கெட்டியாகப் படிந்திருக்கும்.

இனி, கழுவியும் சரியாகாத ஷிஃப்டர். திறந்து பழுதுபார்க்கலாமா என்று கேட்பீர்கள். இது எந்தக் கம்பெனியுடையது என்பதைப் பொறுத்தது. கேம்பனோலோவின் 2009-க்கு முந்தைய எர்கோபவர்கள் பழுதுபார்ப்பதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கிளிக்கைப் பிடித்துவைக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் தேயும், அவற்றைத் தனியாக வாங்கி மாற்றினால் ஷிஃப்டர் புதிது போல் ஆகிவிடும். பொறுமையுள்ள எவரும் மேஜையில் வைத்துச் செய்யக்கூடிய வேலை. பொருள்களைச் செய்ய வேண்டிய விதம் அதுதான் என்பது என் எண்ணம். ஷிமானோ அப்படிச் செய்யவில்லை. ஹூட், மூடி, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பட்டை போன்ற வெளிப்பாகங்கள்தான் ஸ்பேராகக் கிடைக்கும்; உள் இயந்திரத்தைத் துண்டு துண்டாக விற்பதில்லை. திறந்தால் முறுக்கேறின ஸ்பிரிங் துள்ளி வெளியே வரும், திரும்ப உட்கார வைப்பது பெரும்பாடு. ஏற்கெனவே செத்துப்போன ஷிஃப்டர் என்று உறுதியானால் கற்றுக்கொள்வதற்காகத் திறந்து பாருங்கள், மற்றபடி வேண்டாம்.

ஆக, மாற்றுவது. இங்கேதான் பணம் வீணாவது அதிகம், ஏனென்றால் கிளிக் எண்ணிக்கை பொருந்தினால் போதும் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது, ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் எத்தனை மில்லிமீட்டர் கேபிளை இழுக்கிறது, அந்த இழுப்பை ஆர்.டி. எத்தனை மடங்காக மாற்றுகிறது என்பதை. 8 ஸ்பீடில் பக்கத்துப் பக்கத்துப் பல்சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் 4.8 மி.மீ., 9 ஸ்பீடில் 4.35, 10 ஸ்பீடில் 3.95. ஷிமானோவின் பழைய ரோடு ஆர்.டி.கள் 1 மி.மீ. கேபிள் இழுப்புக்குச் சுமார் 1.7 மி.மீ. நகரும். அதனால் 8 ஸ்பீடு ஷிஃப்டர் கிளிக்குக்கு ஏறக்குறைய 2.8 மி.மீ., 9 ஸ்பீடு 2.5, 10 ஸ்பீடு 2.3 இழுக்கும். இந்தக் கணக்கின் அழகு என்னவென்றால், ஆர்.டி. ஒன்றேதான். 8, 9, 10 என்று எந்த ஷிஃப்டரை மாட்டினாலும் கேசட், அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு, அதற்கேற்றதாக இருந்தால் போதும். 1990-களின் 8 ஸ்பீடு டியூரா ஏஸ் மட்டும் இதற்கு விலக்கு. 11 ஸ்பீடு வந்தபோது ஷிமானோ இந்த விகிதத்தைச் சுமார் 1.4 ஆக்கியது. 2015-ல் வந்த டியாக்ரா 4700, 10 ஸ்பீடாக இருந்தாலும், அந்தப் புது விகிதத்தில்தான் ஓடுகிறது. பழைய 10 ஸ்பீடு ஆர்.டி.யோடு 4700 ஷிஃப்டரைச் சேர்த்தால் கியர் விழாது. ஸ்ராமின் கணக்கு முற்றிலும் வேறு. அதை ஷிமானோவோடு கலக்காதீர்கள்.

உங்களுக்கு இதனால் கிடைக்கும் லாபம் பெரிது. 9 ஸ்பீடு ஷிமானோ ரோடு ஷிஃப்டர் எதுவாக இருந்தாலும் வலது பக்கத்துக்குப் பொருந்தும்: பழைய 105, டியாக்ரா 4500, அல்டெக்ரா 6500, டியூரா ஏஸ் 7700 எல்லாம். செகண்ட் ஹேண்டில் வலது மட்டும் தனியாகக் கிடைத்தாலும் எடுக்கலாம். வாங்கும் முன் கேபிளை இழுத்து 8 கிளிக்கை எண்ணிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லி யாராவது மலிவாகத் தந்தால் அதுவும் கிரீஸாகவே இருக்கக்கூடும்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால் ஷிமானோவின் சோரா ஆர்3000 தொடரில் 9 ஸ்பீடு ஷிஃப்டர் இருக்கிறது. தைவானின் மைக்ரோஷிஃப்டும் ஷிமானோவுக்குப் பொருந்தும் 8, 9 ஸ்பீடு ஷிஃப்டர்கள் செய்கிறது. புது ஷிஃப்டர் போடும்போது பிரேக்கையும் பார்க்க வேண்டும். 2008-க்குப் பிறகு ஷிமானோ தன் ரோடு பிரேக் லீவர்களை முன்பைவிட அதிகக் கேபிள் இழுக்கும்படி மாற்றத் தொடங்கியது. அப்படிப்பட்ட லீவரோடு உங்கள் பழைய காலிப்பரை, அதாவது ரிம்மைப் பிடிக்கும் பிரேக் பாகத்தை, சேர்த்தால், பிரேக் கையில் கெட்டியாகத் தெரியும், ஆனால் பிடிமானம் குறையும். ஆகவே புது ஷிஃப்டர் என்றால் ஜோடியாக வாங்கி, காலிப்பரையும் அதே தலைமுறைக்கு மாற்றுங்கள். பழைய காலிப்பரை வைத்துக்கொள்ள ஆசை என்றால் பழைய ஷிஃப்டரையே தேடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்; கியர் தவறினால் எரிச்சலோடு முடிந்துவிடும், பிரேக் அப்படியில்லை.

கடையில் சொன்ன 11 ஸ்பீடு செட்டுக்கு வருவோம். 9 ஸ்பீடு கேசட்டும் செயினும் இன்னும் புதிதாகவே விற்கின்றன, கிடைக்காது என்பது சரியல்ல. 11 ஸ்பீடு ரோடு கேசட் உட்காரும் ஹப், பழைய ஹப்பைவிட 1.85 மி.மீ. நீளம். 11-34 போன்ற சில பெரிய கேசட்கள் மட்டும் பழைய ஹப்பில் ஏறும். மற்றவற்றுக்கு உங்கள் பின்சக்கரம் உதவாது. ஷிஃப்டர், முன் பின் இரண்டு டீரெயிலர், கேசட், செயின், ஒருவேளை பின்சக்கரம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும், கடைசியில் பைக் வாங்கின விலையைத் தாண்டிவிடும். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. ஒரு நாள் ஊறவைத்துத் தட்டிக்கொண்டிருக்கும் வேலைக்கு அவர் உங்களிடம் என்ன கூலி கேட்க முடியும்? பாகம் மாற்றுவதுதான் அவருக்குக் கட்டுபடியாகும். அந்த நேரம் உங்களிடம் இருக்கிறது, அதனால் நீங்களே செய்வது நல்லது.

ஆரம்ப நிலை பைக்குகளில் வரும் ஏ070 என்ற 7 ஸ்பீடு ஷிஃப்டர் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். கட்டைவிரலால் அழுத்தும் பொத்தான் உள்ளது அது. உடைந்தால் அதையே திரும்ப வாங்க வேண்டியதில்லை. 7 ஸ்பீடில் பல்சக்கர இடைவெளி 5 மி.மீ., 8 ஸ்பீடில் 4.8, வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் ஷிமானோவின் கிளாரிஸ் 8 ஸ்பீடு ஷிஃப்டர் 7 ஸ்பீடு கேசட்டில் ஓடும். ஒரு கிளிக் மீதமிருக்கும், ஆர்.டி.யின் எல்லைத் திருகு அதைப் பார்த்துக்கொள்ளும்.

செலவே கூடாது, ஆனால் நம்பகமாக ஓட வேண்டும் என்பவர்களுக்கு ஹேண்டில்பார் முனையில் செருகும் பார் எண்ட் ஷிஃப்டரும், ஃபிரேமில் குமிழ் இருந்தால் சாய்வுக் குழாய் லீவரும் இருக்கின்றன. கிளிக் இல்லாத ஃபிரிக்ஷன் வகை எந்த ஆர்.டி.யோடும் எந்த கேசட்டோடும் ஓடும், மேலே சொன்ன கணக்கு எதுவும் தேவைப்படாது. நீண்ட தூரம் தனியாகப் போகிறவர்களில் இன்றும் அதையே விரும்புகிறவர்கள் உண்டு. பிரேக்குக்குத் தனி லீவர் வேண்டியிருக்கும்.

மாட்டும் வேலை பெரிதல்ல. பார் டேப்பை ஹூட் வரைக்கும் அவிழ்த்து, ஹூட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டை 5 மி.மீ. ஆலன் கீயால் தளர்த்தினால் ஷிஃப்டர் ஹேண்டில்பாரிலிருந்து உருவி வந்துவிடும். கழற்றும் முன் அது எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் இருந்தது என்று டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். திரும்ப இறுக்கும்போது 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் போதும். கார்பன் ஹேண்டில்பார் என்றால் அதன் மேல் அச்சடித்த அளவைத் தாண்டாதீர்கள். ஹூட்டைப் பிடித்து முழு பலத்தோடு முறுக்கினாலும் நகரக் கூடாது. பிறகு சைக்கிளை நிறுத்திய இடத்திலேயே பிரேக்கைப் பலமுறை ஓங்கி அழுத்துங்கள், புது அவுட்டரின் முனைகள் அதில்தான் சரியாகப் போய் உட்காரும். கேபிள் தளர்ந்திருந்தால் இறுக்கிவிட்டு, அதன் பின்பு கியரைச் சரிசெய்யுங்கள். முதல் சில நாள் ஓட்டத்தில் அட்ஜஸ்டரைக் கால் சுற்று அரைச் சுற்று திருக வேண்டியிருப்பது சாதாரணம்.

சரியாகிவிட்ட ஷிஃப்டரைக் கெடுப்பது பெரும்பாலும் கழுவும் பழக்கம். வாட்டர் வாஷ் கடையில் பைக்கைக் கொடுத்தால் ஷிஃப்டர் மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லுங்கள், போட்ட எண்ணெய் எல்லாம் போய்த் தண்ணீர் தங்கும். நம் ஊர் வெக்கையில் ஓட்டும்போது கையில் வழியும் வியர்வை ஹூட்டுக்குள் இறங்கும். வீட்டுக்குள் டிரெய்னரில் ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். உப்பு உள்ளே படிந்து அரிக்கும். ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை ஹூட்டைச் சுருட்டி இரண்டு துளி எண்ணெய் விடுங்கள்.

முதலில் கழுவிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்தும் பிடிக்கவில்லை என்றால் பிரேக் லீவரின் உள்பக்கம் எஸ்.டி. என்று தொடங்கும் மாடல் எண் பொறித்திருக்கும், அதையும், ஆர்.டி.யின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணையும், பிரேக் காலிப்பரின் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். எந்த ஷிஃப்டர் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.